வழவழத் தாளில் ஒன்றாம் வகுப்பு

கோவை வட்டாரத்துத் தனியார் தொடக்கப் பள்ளிகளின் சேர்க்கைப் பிரவுச்சர்களுக்கு ஏறத்தாழ ஒரே இலக்கணம்தான். எட்டுப் பக்கம் அல்லது பன்னிரண்டு பக்கம். அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, உள்தாளுக்கு 130 அல்லது 170 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர். மேலே மேட் லேமினேஷன். பள்ளியின் பெயரும் சின்னமும் மட்டும் விரலில் தட்டுப்படும்படி ஸ்பாட் யுவி பூச்சு. கொஞ்சம் சிக்கனமான பள்ளி ஒரு ஏ4 தாளை மூன்றாக மடித்து முடித்துக்கொள்ளும். அதற்கும் கை வராத பள்ளிக்குப் பிட் நோட்டீஸ் இருக்கிறது. காலை நாளிதழின் நடுவே செருகி, ஜவுளிக்கடைத் தள்ளுபடி நோட்டீஸோடு சேர்ந்து அது வீட்டு வாசலில் விழும்.

வெளிவரும் காலமும் ஏறக்குறைய நிலையானது. சித்தாபுதூர் ஐயப்பன் கோயிலில் குழந்தைகளை மடியில் வைத்து அரிசியில் எழுதவைக்கும் விஜயதசமியை ஒட்டி முதல் சுற்று வரும். டிசம்பரிலும் ஜனவரியிலும் எல்கேஜிக்கான இரண்டாம் சுற்று. இடம் நிரம்பாத பள்ளிகள் ஏப்ரல், மே வெயிலில் ஆசிரியைகளையே கையில் கட்டோடு வீதி வீதியாக அனுப்புவதுண்டு. ‘கேன்வாசிங்’ என்று அதற்குப் பெயர். ஆளுக்கு இத்தனை பிள்ளைகள் என்று இலக்கு வைக்கும் நிர்வாகங்களும் உண்டு. கற்பிக்கப் பயின்றவரை விற்பனைப் பிரதிநிதி ஆக்கும் இந்த வழக்கம் எந்தப் பிரவுச்சரிலும் இடம்பெறாது.

இவ்வளவு மெனக்கெடுவதற்குப் பின்னால் ஒரு மக்கள்தொகைக் கணக்கு இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. தலைமுறை அப்படியே நிலைத்திருக்கத் தேவையான 2.1-ஐ விட இது குறைவு. ஈரோடு, நாமக்கல், கோவை வட்டாரத்தில் ‘ஒண்ணே ஒண்ணு போதும்’ என்று நிறுத்திக்கொள்ளும் குடும்பங்கள் வெகுகாலமாகவே அதிகம். பிள்ளைகளின் எண்ணிக்கை சுருங்க, பள்ளிகளின் எண்ணிக்கை பெருகியது. ஒற்றைப் பிள்ளை வைத்திருக்கும் வீட்டில் அந்தப் பிள்ளைக்காகச் செலவழிக்க அப்பா, அம்மா மட்டுமல்ல, இரு பக்கத்துத் தாத்தா பாட்டிகளும் தயாராக இருக்கிறார்கள். பிரவுச்சர் குறிவைப்பது அந்த ஆறு பேரையும்தான். உள்ளே எல்லாம் ஆங்கிலமாக இருக்க, ஒரே ஒரு பக்கம் மட்டும் தமிழில் இருப்பது தாத்தா பாட்டிகளுக்காக.

எண் இல்லாத சிக்கல்

மேல்நிலைப் பள்ளிக்கு விளம்பரம் எழுதுவது எளிது. கொங்கு நாட்டில் அந்தக் கலை நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் வளர்ந்தது. கோழிப் பண்ணை, லாரி, போர்வெல் ரிக் என்று தொழில் செய்து பழகியவர்கள் கூட்டாக அறக்கட்டளை அமைத்து விடுதிப் பள்ளிகள் தொடங்கினார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் மாநில ரேங்க் எடுத்த பிள்ளைகளின் படங்கள், பெயர், மொத்த மதிப்பெண், எத்தனை பாடத்தில் 200-க்கு 200 என்ற எண்ணிக்கை ஆகியவை சாலையோரப் பதாகைகளிலும் நாளிதழ்களின் முழுப் பக்கங்களிலும் நிறைந்தன. விமர்சகர்கள் அவற்றைப் ‘பிராய்லர் பள்ளி’ என்றார்கள். அந்த ஊரின் இன்னொரு தொழிலையும் சேர்த்துச் சொன்ன பெயர் என்பதால் அது ஒட்டிக்கொண்டது. 2017 மே மாதம் ரேங்க் பட்டியல் வெளியிடுவதை அரசு நிறுத்தியது. அப்போது பள்ளிக்கல்வி அமைச்சராக இருந்தவர் கோபிசெட்டிபாளையத்துக்காரரான கே.ஏ.செங்கோட்டையன். அதே ஆண்டு தமிழ்நாட்டுக்கு நீட் தேர்வு கட்டாயமானதால், பதாகைகள் வெறுமையாகவில்லை. ரேங்க் இருந்த இடத்தில் நீட் மதிப்பெண் வந்து உட்கார்ந்தது.

தொடக்கப் பள்ளிக்கு இப்படிக் காட்ட ஒரு எண்ணும் கிடையாது. முதல் பொதுத் தேர்வு பத்தாம் வகுப்பில்தான். ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வைக்க 2019-ல் மாநில அரசு ஆணையிட்டு, கடும் எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. அது நிலைத்திருந்தால் பத்து வயதுப் பிள்ளைகளின் படமும் மதிப்பெண்ணும் அவிநாசி சாலை நெடுகத் தொங்கியிருக்கும் என்பதில் சந்தேகமில்லை. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதுதான் தமிழ்நாட்டின் நடைமுறை. ஆகவே ஒரு நர்சரி மற்றும் பிரைமரி பள்ளியின் நோட்டீஸில் ‘100 சதவீதத் தேர்ச்சி’ என்று அச்சாகியிருந்தால், அது பொய்யல்ல. ஆனால் அதற்குப் பொருளும் இல்லை.

மதிப்பெண் காட்ட வழியில்லாத இடத்தில் கண்ணுக்குத் தெரியும் மற்றவை முன்னே வருகின்றன. கட்டடம், பேருந்து, உடை, ஆங்கிலம், சிரிப்பு ஆகியவற்றைக் கொண்டுதான் தொடக்கப் பள்ளிப் பிரவுச்சர் தன் பக்கங்களை நிரப்பியாக வேண்டும்.

பக்கம் பக்கமாக

அட்டையில் ஒரு குழந்தை சிரிக்கும். பல பிரவுச்சர்களில் அந்தக் குழந்தை அந்தப் பள்ளியிலேயே படிப்பதில்லை. இணையத்தில் விலைக்குக் கிடைக்கும் படத்திலிருந்து வந்தது. பீளமேட்டிலோ சூலூரிலோ பார்க்கக் கிடைக்காத தலைமுடி நிறமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். சொந்தப் பிள்ளைகளைப் படமெடுத்த பள்ளியென்றால், பிளேஸரும் டையும் அணிந்து நிற்பார்கள். ஏப்ரலில் 37 டிகிரியைத் தொடும் ஊரில் பிளேஸர் எதற்கு என்ற கேள்வி எழலாம். அந்தக் கோட்டு பிள்ளைக்காக அல்ல, படத்துக்காக.

அடுத்து தாளாளர் உரை. நிறுவனரின் படம், அவருடைய தந்தையின் மாலை போட்ட படம், தாளாளர், செயலாளர், பொருளாளர், முதல்வர் என்று முகங்கள் வரிசையாக வரும். பெரும்பாலும் ஒரே குடும்பம் அல்லது சம்பந்தி வீட்டார். உரையில் ‘சேவை’ என்ற சொல் தவறாமல் இருக்கும். அது வெறும் அலங்காரம் அல்ல. இந்தியாவில் பள்ளியை லாப நோக்கில் நடத்த முடியாது. அறக்கட்டளையோ சங்கமோ லாப நோக்கற்ற நிறுவனமோதான் நடத்தலாம். டி.எம்.ஏ.பாய் வழக்கில் 2002-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வளர்ச்சிக்கான நியாயமான உபரி இருக்கலாம், கொள்ளை லாபம் கூடாது என்றது. சட்டப்படி சேவை, நடைமுறையில் முதலீடு என்ற இரட்டை நிலையில்தான் தாளாளர் உரை எழுதப்படுகிறது.

வளாகப் பக்கம் இல்லாத பிரவுச்சர் இல்லை. ‘பத்து ஏக்கர் பசுமை வளாகம்’ என்பது சரவணம்பட்டி, காளப்பட்டி, தொண்டாமுத்தூர், பொள்ளாச்சி சாலைப் பள்ளிகளின் பெருமை. இதற்கு ஒரு சட்டப் பின்னணி உண்டு. மாநில அரசு அமைத்த சிட்டிபாபு குழுவின் பரிந்துரையை ஒட்டி வகுக்கப்பட்ட குறைந்தபட்ச நில அளவு மாநகராட்சிப் பகுதியில் 6 கிரவுண்டு, மாவட்டத் தலைநகரில் 8, நகராட்சியில் 10, பேரூராட்சியில் 1 ஏக்கர், ஊராட்சியில் 3 ஏக்கர். கோவைக்காரர்களின் சென்ட் கணக்கில் 6 கிரவுண்டு என்பது ஏறத்தாழ 33 சென்ட். நகருக்குள் அந்த 33 சென்ட்டின் விலைக்கு, வெளியே தோட்டங்காடு ஏக்கர் கணக்கில் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. அப்போது வெளியே போன பள்ளிகள் இன்று வளாகத்தை ட்ரோன் வைத்துப் படமெடுக்கின்றன.

கட்டடத்தைப் பற்றிய பெற்றோரின் கவலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரை வேய்ந்த பள்ளியில் தீப்பிடித்து 94 பிள்ளைகள் இறந்தார்கள். அதன் பின் பள்ளிகளில் கூரைக் கொட்டகை கூடாது என்றாயிற்று. அங்கீகாரத்துக்குக் கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று என நான்கும் வேண்டும். இந்த நான்கின் எண்ணையும் செல்லுபடியாகும் தேதியையும் ஒரே வரியில் அச்சிட்டுவிடலாம். அச்சிடுகிறவர்கள் மிகக் குறைவு. ஏசி வகுப்பறைக்கு அரைப் பக்கம் ஒதுக்குகிறவர்கள் தீயணைப்புச் சான்றுக்கு ஒரு வரி ஒதுக்குவதில்லை.

பாடத்திட்டப் பக்கத்தில் சொற்களின் மழை. ஃபோனிக்ஸ், அபாகஸ், ரோபோட்டிக்ஸ், ஸ்மார்ட் கிளாஸ், ஆக்டிவிட்டி பேஸ்டு லேர்னிங், கராத்தே, சிலம்பம், ஸ்கேட்டிங் என்று பட்டியல் நீளும். சில ஆண்டுகளாக மூன்றாம் வகுப்புக்கே ‘ஐஐடி ஃபவுண்டேஷன்’ என்று போடுகிறவர்களும் உண்டு. எட்டு வயதுப் பிள்ளையின் கால அட்டவணையில் இவை எல்லாவற்றுக்கும் இடம் எங்கே என்று கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கும். கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் கேட்பது 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல். அதற்குள்தான் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் எல்லாம் அடங்க வேண்டும்.

‘மாண்டிசோரி’ என்ற சொல் தனியாகக் கவனிக்கத்தக்கது. மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப் போரால் சில ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்கினார். ஆகவே தமிழ்நாட்டில் அந்த முறைக்கு நேரடி வேர் உண்டு. ஆனால் அந்தப் பெயரை யாரும் பதிவுசெய்து பூட்டி வைக்கவில்லை. எந்தப் பள்ளியும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். மாண்டிசோரி பட்டயம் பெற்ற ஆசிரியர் இருக்கிறாரா, அதற்கான கருவிகள் அலமாரியில் இருக்கின்றனவா, பிள்ளைகள் அவற்றைத் தொட விடப்படுகிறார்களா என்ற மூன்றுக்கும் விடை தெரியாமல் அந்தச் சொல்லை நம்புவதில் பயனில்லை. ‘இன்டர்நேஷனல்’ என்ற ஒட்டுச்சொல்லுக்கும் இதுவே பொருந்தும். பெயரில் உலகம் இருக்கும், பாடத்திட்டம் சிபிஎஸ்இ ஆகவோ மாநில வாரியமாகவோ இருக்கும்.

சிபிஎஸ்இ என்ற நான்கெழுத்து, அட்டையிலேயே பெரிதாக வரத் தொடங்கியதற்கும் வரலாறு இருக்கிறது. 2010-ல் தமிழ்நாடு சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்தது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் எல்லா வகுப்புக்கும் நடைமுறையானது. அதுவரை ‘மெட்ரிகுலேஷன்’ என்ற தனிப் பாடத்திட்டமே மற்றவரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டும் முத்திரையாக இருந்தது. பாடநூல் எல்லோருக்கும் ஒன்றானதும் அந்த முத்திரை மதிப்பிழந்தது. பல நிர்வாகங்கள் அதே வளாகத்திலேயோ பக்கத்திலேயோ சிபிஎஸ்இ பள்ளி தொடங்கின. பிரவுச்சரும் இரண்டாகப் பிரிந்தது.

பிரவுச்சரில் மிக நேர்மையான பக்கம் கடைசிப் பக்கம். அங்கே பேருந்துத் தடம் இருக்கும். அன்னூர், கருமத்தம்பட்டி, சோமனூர், பல்லடம் என்று நிறுத்தங்களின் பெயர்கள், சில நேரம் புறப்படும் நேரத்தோடு வரும். அலங்காரச் சொல் ஒன்றுகூட இருக்காது, ஏனெனில் பொய் சொன்னால் மறுநாள் காலையிலேயே தெரிந்துவிடும். வரவேற்பறையில் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வியும் பெரும்பாலும் இதுதான்: “வேன் எங்கூருக்கு வருமுங்களா?” பள்ளி வாகனங்களுக்கென 2012-ல் மாநில அரசு தனி விதிகளை வகுத்தது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, உதவியாளர், அவசர வழி எல்லாம் அதில் கட்டாயம். முன்னும் பின்னும் கேமரா வேண்டும் என்பது பின்னர் சேர்ந்தது. ஆகவே ‘கேமரா பொருத்திய பேருந்து’ என்று பெருமையாகப் போடுவது, சட்டம் சொன்னதைச் செய்தோம் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்தத் தடத்தின் கடைசி நிறுத்தத்தில் ஏறும் யூகேஜி பிள்ளை காலையும் மாலையும் எவ்வளவு நேரம் பயணம் செய்கிறது என்பதை அச்சிட்டால் அது மெய்யான தகவல்.

அச்சில் வராதவை

வேனுக்கு அடுத்த கேள்வி: “பீஸு எவ்வளவுங்க?” பிரவுச்சரில் அதற்கு விடை இராது. கேட்டால் தனித் தாளில், சில இடங்களில் பென்சிலில் எழுதிக் கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் கட்டணம் ரகசியமாக இருக்க வேண்டிய ஒன்றல்ல. 2009-ல் வந்த கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி நீதிபதி கே.கோவிந்தராஜன் தலைமையில் முதல் குழு அமைந்தது. அவருக்குப் பின் ரவிராஜ பாண்டியன், சிங்காரவேலு என ஓய்வுபெற்ற நீதிபதிகள் அடுத்தடுத்துப் பொறுப்பேற்றார்கள். பள்ளி வாரியாக, வகுப்பு வாரியாக இவ்வளவுதான் வாங்கலாம் என்று குழு ஆணை பிறப்பிக்கிறது. ஆணையில் இருக்கும் எண்ணைப் பிரவுச்சரில் போட எந்தத் தடையும் இல்லை. போடாததற்குக் காரணம், பெற்றோர் கட்டப்போகும் தொகை அதைவிட அதிகம் என்பதாகவே பல இடங்களில் இருக்கும்.

25 சதவீத ஒதுக்கீடும் அப்படித்தான் காணாமல் போகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவின்படி சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பு இடங்களில் கால் பங்கை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். அவர்களுக்கான கட்டணத்தை அரசு தரும். வாசலில் அறிவிப்பு வைப்பார்கள், அதுவும் கல்வித் துறை சொல்வதால். வழவழத் தாளில் அதற்கு இடமில்லை, ஏனென்றால் பிரவுச்சர் பேசும் ஆறு பேர் வேறு.

அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு சேர்க்கைக்குத் தேர்வு வைப்பதைத் தடை செய்கிறது. முதல் முறை மீறினால் ரூ.25,000 வரை, பிறகு ஒவ்வொரு முறைக்கும் ரூ.50,000 வரை அபராதம். பிரவுச்சர்களில் அதனால் ‘டெஸ்ட்’ என்ற சொல் மறைந்து ‘இன்டராக்‌ஷன்’ வந்திருக்கிறது. மூன்றரை வயதுக் குழந்தையிடம் நிறங்களின் பெயர் கேட்பதும், அப்பாவிடம் சம்பளம் கேட்பதும் இந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

ஆசிரியர்கள்தாம் மிகப் பெரிய விடுபடல். ‘அனுபவம் மிக்க, அர்ப்பணிப்புள்ள ஆசிரியர்கள்’ என்ற வரி எல்லாப் பிரவுச்சரிலும் உண்டு. எத்தனை பேர், என்ன படித்தவர்கள், தகுதித் தேர்வு எழுதியவர்களா, எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறார்கள், ஒரு பிரிவில் எத்தனை பிள்ளைகள் என்பவை இரா. கல்வி உரிமைச் சட்டம் தொடக்க நிலையில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. குறைந்த சம்பளத்தால் ஆண்டுதோறும் ஆசிரியைகள் மாறும் பள்ளியில், குழுப் படம் எடுத்து அச்சிட்டால் அடுத்த சேர்க்கைக்குள் பழையதாகிவிடும். தாளாளர் குடும்பம் மாறுவதில்லை.

இங்கிலாந்தில் இந்த விவகாரம் வேறு விதமாக நடந்தது. 1980-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பள்ளிகள் தம்மைப் பற்றிய விவரங்களை வெளியிட வேண்டும் என்றது. சேர்க்கை விதி, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான ஏற்பாடு, தேர்வு முடிவு போன்றவை இன்னின்னபடி இருக்க வேண்டும் என்று விதிகள் வந்தன. பெற்றோரின் விருப்பத்துக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கும் ஏற்ப நிதி ஒதுக்கும் முறை 1988-க்குப் பின் வலுப்பட்டதும், அங்கேயும் கையேடுகள் வண்ணத்துக்கு மாறின. ஆனால் விதித்த விவரங்களைத் தவிர்க்க முடியவில்லை. 2012 செப்டம்பர் முதல் அச்சுக் கையேடு கட்டாயம் இல்லை என்றாகி, அந்தக் கடமை பள்ளி இணையதளத்துக்கு மாறியது. இந்தியாவில் சிபிஎஸ்இ தன் பள்ளிகளிடம் சான்றுகள், கட்டண அமைப்பு, ஆசிரியர் விவரம் ஆகியவற்றை இணையதளத்தில் வெளியிடச் சொல்லியிருக்கிறது. அச்சுப் பிரவுச்சருக்கு அப்படி ஒரு கட்டாயமும் கிடையாது. விளம்பரத் துறையின் தன்னொழுங்கு அமைப்பான இந்திய விளம்பரத் தர மன்றம், ஆதாரம் இல்லாமல் ‘நம்பர் 1’ என்று சொல்லக் கூடாது என்கிறது. சிறு ஊர்ப் பள்ளியின் பிட் நோட்டீஸ் வரை அதன் கை நீள்வதாகத் தெரியவில்லை.

ஒற்றைத் தாளில் அரசுப் பள்ளி

இதே ஏப்ரலில் இன்னொரு தாளும் வீதிக்கு வருகிறது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் நோட்டீஸ் மஞ்சள் அல்லது பச்சை மெல்லிய தாளில், ஒற்றை மையில் இருக்கும். தலைமையாசிரியர் கைக்காசிலோ ஊர்ப் பெரியவர் நன்கொடையிலோ அச்சானது. பிள்ளைகள் பதாகை பிடிக்க, மேளத்தோடு ஊர்வலமாகப் போய் வீடு வீடாகக் கொடுப்பார்கள்.

அதன் உள்ளடக்கம் தனியார் பிரவுச்சருக்கு நேர் எதிர். அங்கே சொற்கள், இங்கே பொருள்கள். விலையில்லாப் பாடநூல், நோட்டு, நான்கு செட் சீருடை, காலணி, புத்தகப் பை, வண்ணப் பென்சில் என்று நீளும் பட்டியலில் முட்டையோடு மதிய உணவும், காலை உணவும் உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று 1,545 பள்ளிகளில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. காலை ஷிப்டுக்கு ஓடும் மில், பனியன் கம்பெனிக் குடும்பங்களுக்கு இந்த ஒரு வரி போதும். அடுத்த வரியில் ஆங்கில வழி வரும். அது 2012-13 முதல் உள்ளது. அதற்கடுத்து, அரசுப் பள்ளியில் படித்தால் பின்னாளில் கிடைப்பவை: மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் ரூ.1,000.

இந்த நோட்டீஸின் குறை வேறு. கொடுப்பதைச் சொல்கிறது, கற்பிப்பதைச் சொல்வதில்லை. 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புப் பிள்ளைகளைக் கற்றல் நிலை பார்த்துக் குழுவாகப் பிரித்துக் கற்பிப்பது. பெற்றோருக்கு நான்கு வரியில் விளக்கக்கூடிய இந்தச் செய்தி பெரும்பாலும் பெயரோடு நின்றுவிடுகிறது. திருப்பூரில் மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வரும் வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழ் நோட்டீஸால் பயனும் இல்லை; பக்கத்து வீட்டார் சொல்லித்தான் அவர்கள் வருகிறார்கள்.

பிரவுச்சரைப் பார்த்துப் பள்ளியை முடிவு செய்யும் நிலையில் இருக்கும் பெற்றோர், வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும்போதே சிலவற்றைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். முதலாவது கட்டணக் குழுவின் ஆணை. இரண்டாவது, மேலே சொன்ன நான்கு சான்றுகளும் அங்கீகாரம் எந்த ஆண்டு வரை என்பதும். மூன்றாவது, ஒன்றாம் வகுப்பு ஆசிரியையின் பெயர், தகுதி, அங்கே சேர்ந்த ஆண்டு. பள்ளியின் 11 இலக்க யூடைஸ் எண்ணையும் குறித்துக்கொண்டால், பிள்ளைகள், ஆசிரியர்கள், வகுப்பறைகள் எத்தனை என்று பள்ளியே அரசுக்குக் கொடுத்த கணக்கை இணையத்தில் பிரவுச்சரோடு ஒத்துப் பார்க்க முடியும். ஆணையில் உள்ளதற்கு மேல் பணம் கேட்டால், ரசீதோடு மாவட்டக் கல்வி அலுவலரிடம் (தனியார் பள்ளிகள்) எழுத்து மூலம் புகார் தரலாம்.